நுழைவுச்சீட்டுக்குள் வசைபாடும் உரிமையும் அடங்குமா?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத நீங்கள், அறைத்தோழர் ஒருவருடன் முதன்முறையாக அரங்குக்குப் போய் ஒரு கால்பந்து லீக் ஆட்டம் பார்த்திருக்கிறீர்கள். மூலைக் கொடிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் எதிரணியில் எல்லைக்கோட்டோரம் ஆடும் விங்கர் ஒருவரையே குறிவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் நீங்களும் எழுந்து நின்று, நீங்கள் எழுதியபடியே சொன்னால், "காரமான சில வார்த்தைகளை" எடுத்து வீசியிருக்கிறீர்கள். திரும்பி வந்த ரயிலில் தோழர் முகம்கொடுத்துப் பேசவில்லை. காசு கொடுத்து உள்ளே போனவனுக்குக் கத்த உரிமை இல்லையா, வாரத்துக்கு இலட்சம் பவுண்டு வாங்குகிறவர் இதைக்கூடத் தாங்கிக்கொள்ள மாட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தலாமா என்பது உங்கள் கேள்வி அல்ல என்று நினைக்கிறேன், ஏனென்றால் கத்தாதே என்று உங்கள் தோழரும் சொல்லியிருக்க மாட்டார். தெருவில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அசிங்கம் என்று நாம் எல்லோருமே ஒப்புக்கொள்ளும் ஒரு சொல், அரங்கின் வாசலைத் தாண்டியதும் வேறொன்றாக மாறிவிடுகிறதா என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குப் பதில் எழுத எனக்கு என்ன தகுதி என்பதைச் சொல்லிவிட வேண்டும். லண்டனில் 14 ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை லீக்குகளிலும் சிறுவர் ஆட்டங்களிலும் நடுவராக இருக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கில் சொல்வதானால் உதைபந்தாட்ட மத்தியஸ்தர். அதற்கு மேலாக, தொழில்முறைக் கழகம் ஒன்றின் அரங்கில் 9 குளிர்காலங்கள் மஞ்சள் மேலங்கி போட்டு, பார்வையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் 'ஸ்டூவர்ட்' வேலை பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்வையாளர்களின் முகங்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ஆகவே நான் பார்த்த கோல்கள் குறைவு; கோல் விழும்போதும் விழாதபோதும் மனித முகம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தது அதிகம். சட்டத்தரணி அல்லன், உளவியல் படித்தவனும் அல்லன். சட்டத்தைப் பற்றி நான் சொல்வது ஸ்டூவர்ட்களுக்குக் கற்பிக்கும் அளவுக்கும், அதன்பின் நானாகத் தேடிப் படித்த அளவுக்கும் உட்பட்டது.

முதலில் அரங்கின் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உதைபந்தாட்ட அரங்கு நாடக மண்டபம் அல்ல. அமைதியாக உட்கார்ந்து முடிவில் கைதட்டுவதற்காக யாரும் அங்கே வருவதில்லை. எதிரணியின் முன்கள வீரர் வெற்றுக் கோலுக்கு முன்னால் நின்று பந்தை மாடிக்கு அடித்தால் இருபதாயிரம் பேர் சேர்ந்து சிரிப்பார்கள். அது ஆட்டத்தின் சொத்து. தொட்டதும் சுருண்டு விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உருளுபவரைப் பார்த்து ஊளையிடுவதும், முன்பு தம் கழகத்துக்கு ஆடியவர் எதிரணிச் சட்டையோடு வந்தால் பந்து அவர் காலுக்குப் போகும்போதெல்லாம் 'பூ' என்று ஒலி எழுப்புவதும், நடுவரின் கண்பார்வையைப் பற்றிப் பாட்டுக் கட்டுவதும் இந்த நாட்டில் தலைமுறைகளாக நடப்பவை. அந்தப் பாட்டுகளில் சில உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானவை. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டிய நானே சிரிப்பை அடக்க முடியாமல் மேலங்கியின் காலரைக் கடித்துக்கொண்டு நின்றதுண்டு. நம்மூர்களில் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டார் நையாண்டி செய்வதில்லையா? அதற்கு ஓர் உரிமை உண்டு, ஒரு வரம்பும் உண்டு. வரம்பு எங்கே இருக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்ததாக, நீங்கள் கத்தியது யாருக்குக் கேட்டது என்பதைப் பார்ப்போம். ஆடுகளத்தின் நடுவில் ஓடுகிறவருக்குச் சொற்கள் கேட்பதில்லை. கடலோரத்தில் நிற்பதுபோல ஒரே இரைச்சல்தான் கேட்கும். ஆனால் எல்லைக்கோட்டை ஒட்டி ஆடும் விங்கருக்கும் ஃபுல்பேக்குக்கும், பந்தை உள்ளே எறிய வருபவருக்கும், மூலை உதைக்காகப் பந்தை வைத்துவிட்டு நிற்பவருக்கும், கோட்டுக்கு வெளியே உடலைச் சூடாக்க ஓடிக்கொண்டிருக்கும் மாற்று வீரர்களுக்கும், பந்துக் காப்பாளருக்கும் தனித்தனிச் சொல்லாகவே கேட்கும். பழைய அரங்குகளில் முதல் வரிசைக்கும் கோட்டுக்கும் இடையே சில அடி தூரம்தான். மூலைக் கொடிக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் சொல் அந்த விங்கரின் காதில் விழுந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவரைவிடத் தெளிவாக, உங்களுக்கு முன்வரிசையில் தகப்பனோடு வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கேட்டிருக்கும். வசை ஒன்று எழும்போது ஸ்டூவர்டின் கண் முதலில் போவது கத்தியவரின் முகத்துக்கு அல்ல. அவருக்கு முன்னால் இருப்பவர்களின் தோள்களுக்கு. அந்தத் தோள்கள் சிரித்துக் குலுங்குகின்றனவா, விறைத்துப்போகின்றனவா என்பதை வைத்தே படியேறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம்.

இனி, ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டக் குற்றங்கள் சட்டப்படி, தொழில்முறை ஆட்டங்களில் ஆபாசமாகவோ இனத்தை இழிவுபடுத்தியோ கோஷமிடுவது குற்றம். ஆயிரம் பவுண்டு வரை தண்டப்பணம் விதிக்கலாம். அந்தச் சட்டம் வந்தபோது அதில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. கோஷம் என்றால் ஒருவரோடொருவர் சேர்ந்து எழுப்புவது என்று வரையறுத்திருந்தார்கள். ஆகவே தனியொருவராக நின்று மணிக்கணக்கில் கத்தியவர் தப்பிவிடலாம். 1999 இல் அதைத் திருத்தி, தனியாகக் கத்தினாலும் குற்றமே என்று ஆக்கினார்கள். இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. போர்ட் வேல் கழகத்தின் இரசிகர் ஒருவர், ஓல்டம் அணியின் ஆதரவாளர்களைப் பார்த்து, அவர்களுடைய ஊர் முழுக்கப் பாகிஸ்தானியர்தான் என்று பொருள்படும் பாட்டொன்றைப் பாடிய கூட்டத்தில் சேர்ந்து பாடினார். 'பாகிஸ்தானியர்' என்ற சொல்லைச் சுருக்கி, இந்தியர், இலங்கையர், வங்காளதேசத்தவர் என்ற வேறுபாடு பாராமல் நம் எல்லோரையும் நோக்கி இந்த நாட்டில் வீசப்படும் அந்தச் சொல்தான் அந்தப் பாட்டில் இருந்தது. கீழ் நீதிமன்றம் அதை வெறும் விளையாட்டுப் பாட்டு என்று கருதி அவரை விடுவித்தது. 2003 இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது: அந்தச் சொல் இனத்தை இழிவுபடுத்துவதே, விளையாட்டாகப் பாடியது என்பது அந்தத் தன்மையை மாற்றாது என்றது. "இது விளையாட்டின் ஒரு பகுதிதானே" என்ற வாதத்துக்கு இங்கிலாந்தின் நீதிமன்றம் கொடுத்த பதில் அதுதான்.

சட்டம் அத்தோடு நிற்பதில்லை. நீதிமன்றம் அரங்குத் தடை உத்தரவு பிறப்பித்தால் அது குறைந்தது 3 ஆண்டு, கூடியது 10 ஆண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் பெரிய ஆட்டங்கள் நடக்கும்போது கடவுச்சீட்டையே பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டிவரலாம். பேரிடர்களில் இறந்தவர்களைக் கேலிசெய்வதையும் 2023 முதல் அரச வழக்குத்தொடுநர்கள் பொது ஒழுங்குக் குற்றமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். 1989 இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ஆதரவாளர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள்; 2023 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்துக்கு அந்த எண்ணிக்கையைக் கேலிசெய்யும் வாசகத்தைச் சட்டையின் முதுகில் அச்சடித்து அணிந்து வந்த ஒருவருக்குத் தண்டப்பணத்தோடு 4 ஆண்டுத் தடையும் கிடைத்தது. இவை எதிலும் அடங்காத வெறும் கெட்டவார்த்தை என்றாலும், நுழைவுச்சீட்டு வாங்கும்போதே நீங்கள் அரங்கின் விதிகளை ஏற்றுக்கொண்டுவிடுகிறீர்கள். மிரட்டலும் வசைமொழியும் கூடாது, மீறினால் வெளியேற்றப்படலாம் என்று அந்த விதிகளில் இருக்கிறது. காசு கொடுத்ததால் உரிமை வந்தது என்கிறீர்களே, அந்தக் காசுக்கு எதை விற்றோம் என்பதை விற்றவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்குக் குற்றப்பதிவு ஒன்று என்ன செய்யக்கூடும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எழுதப்பட்ட விதிக்கும் நடைமுறைக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதை மறைப்பது நேர்மையாகாது. கெட்டவார்த்தை பேசிய ஒவ்வொருவரையும் வெளியேற்றினால் பத்தாவது நிமிடத்தில் அரங்கு காலியாகிவிடும். இது எங்களுக்குத் தெரியும், எங்கள் மேற்பார்வையாளர்களுக்கும் தெரியும். புண்படுத்தும் பேச்சு எல்லாவற்றையுமே சட்டத்தால் அடக்கிவிடலாம் என்று ஸ்கொட்லாந்து ஒருமுறை முயன்று பார்த்தது. செல்டிக், ரேஞ்சர்ஸ் கழகங்களின் ஆதரவாளர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கத்தோலிக்க–புரட்டஸ்தாந்துப் பகையை மனதில் வைத்து 2012 இல் தனிச்சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். எந்தப் பாட்டு அரசியல், எந்தப் பாட்டு வசை என்பதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. இரு கழகங்களின் ஆதரவாளர்களும் அபூர்வமாக ஒன்றுசேர்ந்து அதை எதிர்த்தார்கள். 2018 இல் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் அந்தச் சட்டத்தை நீக்கியது. ஆகவே வரம்பு முழுவதையும் சட்டம் வரைந்து தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது கடைசி ஓரத்தை மட்டுமே காட்டும். மிச்சத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வசை தம் அணிக்கு உதவுகிறது என்ற நம்பிக்கை இரசிகர்களிடையே ஆழமானது. இதில் ஒரு பாதி உறுதி, மறுபாதி சந்தேகம். கூட்டத்தின் இரைச்சல் ஆட்டத்தைப் பாதிக்கிறது என்பது உறுதி, ஆனால் அது முதலில் பாதிப்பது வீரரை அல்ல, நடுவரை. 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதிபெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல்–லெஸ்டர் ஆட்டமொன்றின் 47 மோதல்களைக் காணொளியில் காட்டி, எவை தவறு என்று தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் கூட்டத்தின் ஓசையோடு பார்த்தார்கள், மற்றவர்கள் ஓசையில்லாமல் பார்த்தார்கள். ஓசையோடு பார்த்தவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகச் சொன்ன தவறுகள் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம் ஜெர்மனியின் முதன்மை லீக்கான புண்டஸ்லீகா வெற்று அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது, சொந்த மைதானத்தில் ஆடும் அணிகள் வெல்லும் விகிதம் கண்கூடாக விழுந்தது. நடுவராக நிற்கும் என் அனுபவமும் அதுவே: ஐம்பது பேர் ஒரே மூச்சில் "ஏய்!" என்று எழும்போது கை தானாகவே விசிலுக்குப் போகிறது, அதைத் தடுத்து நிறுத்தவே வருடங்கள் பிடித்தன. ஆனால் இவை எல்லாம் இரைச்சலின் வலிமை. இருபதாயிரம் பேரின் "ஓ" செய்யும் வேலையை, ஒரு வீரரின் தாயைப் பற்றி ஒருவர் சொல்லும் சொல் செய்கிறது என்பதற்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

எதிர்வாதம் ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன். 1995 ஜனவரி 25 அன்று கிரிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கில், அந்த அணிக்கு எதிரான ஆட்டத்தில், மான்செஸ்டர் யுனைட்டெட்டின் எரிக் கான்டனா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிக்கொண்டிருந்தார். படிகளில் இறங்கி முன்வரிசைக்கு ஓடிவந்த ஒருவர் அவரைத் திட்ட, கான்டனா விளம்பரப் பலகையைத் தாண்டிப் பாய்ந்து அவருடைய மார்பில் உதைத்தார். எட்டு மாதத் தடை. முதலில் இரண்டு வாரச் சிறை, மேன்முறையீட்டில் அது 120 மணிநேரச் சமூக சேவையாக மாறியது. அந்தப் பருவத்தில் பிளாக்பேர்ன் அணி 89 புள்ளிகளோடு பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றது. யுனைட்டெட் 88 புள்ளிகள். அதாவது ஒரு மனிதர் படியிறங்கி வந்து திட்டியது ஓர் அணியின் கிண்ணத்தையே பறித்துவிட்டது என்று வாதிட இடமிருக்கிறது. மறுக்க மாட்டேன். வசை சில வேளைகளில் பலிக்கும்; முழங்காலைக் குறிவைத்து உதைப்பதும் பலிக்கும். திட்டிய அந்தப் பார்வையாளரும் பிறகு நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எதிரணியை விடுங்கள், தம் அணியையே திட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். ஒன்பது குளிர்காலங்களில் நான் கேட்ட மிக மோசமான சொற்கள் பெரும்பாலும் சொந்தச் சட்டை அணிந்தவர்களை நோக்கிப் போனவை. செல்சியின் முதல் கறுப்பின வீரரான பால் கேனவில் 1982 ஏப்ரலில் மாற்று வீரராக முதன்முறை களமிறங்கத் தயாரானபோது, அவரை இனம் சொல்லி ஏசியவர்கள் செல்சி ஆதரவாளர்கள். அதுவும் அதே செல்ஹர்ஸ்ட் பார்க்கில். 2019 அக்டோபரில் ஆர்சனல் அணித்தலைவர் கிரானிட் ஜாகா மாற்றப்பட்டு மெல்ல நடந்து வெளியே வந்தபோது அவருடைய சொந்த அரங்கே ஊளையிட்டது. அவர் காதருகே கையைக் குவித்துக் காட்டி, பதிலுக்குத் திட்டி, சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். தலைவர் பதவி பறிபோனது. அன்றும் எதிரே ஆடியது கிரிஸ்டல் பலஸ்தான். பாவம், இந்தக் கதைகளில் அந்தக் கழகத்தின் பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறதோ. சில நாட்களின் பின் ஜாகா வெளியிட்ட அறிக்கையில், தன் கால்களை முறிப்போம் என்றும், மனைவியைக் கொல்ல வேண்டும் என்றும், மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்றும் இணையத்தில் வந்தவற்றைக் குறிப்பிட்டார். மகள் அப்போது பிறந்த குழந்தை. அரங்கின் ஊளையும் இணையத்தின் அந்தச் சொற்களும் ஒன்றல்ல, ஆனால் அந்த ஆட்டத்தில் வெளியே நடந்து வந்தவருக்கு அவை தனித்தனியாகக் கேட்கவில்லை. பல மாதங்களாகச் சேர்ந்த ஒரே குரலாகவே கேட்டது. அவரை அன்று ஊளையிட்டவர்களில் பலர் பின்னர் அவர் பெயரைப் பாட்டாகப் பாடினார்கள் என்பதையும், ஆர்சனலை விட்டுப் போன முதல் பருவத்திலேயே தோல்வியே காணாமல் ஜெர்மன் லீக்கை வென்ற லேவர்குசன் அணியின் நடுக்களத்தில் அவர் நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் எந்தத் திறமையோடு விளையாடினாரோ அதுவே 2019 இலும் அவரிடம் இருந்தது.

சம்பளத்தைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு வருகிறேன். பணம் தரப்படுவது பந்தை ஆடுவதற்கு. ஏச்சு வாங்குவதற்கு அல்ல. இலட்சங்கள் வாங்குகிறவர்கள் மேல்தட்டில் உள்ள சிலர்தான். கீழ்லீக்குகளில் சாதாரண உத்தியோகத்தரின் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் ஏராளம், அவர்களுக்கும் அதே ஏச்சு இலவசமாகக் கிடைக்கிறது. இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஆட்ட விதிகளின் 12 ஆவது விதிப்படி, இழிவான, புண்படுத்தும் சொல்லைச் சொன்ன வீரருக்குச் சிவப்பு அட்டை காட்ட வேண்டும். அதே சொல்லை அவரை நோக்கி எண்பது நிமிடங்களாகச் சொன்னவர் இருக்கையில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். டொட்டன்ஹாமின் எரிக் டையர் 2020 மார்ச்சில், நோர்விச்சிடம் தோற்ற ஆட்டம் முடிந்ததும், தன்னை ஏசிய இரசிகரைத் தேடி இருக்கைகளைத் தாண்டி ஏறிப்போனார். தண்டனை நான்கு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டும். தண்டனை சரியே, வீரர் கூட்டத்துக்குள் ஏறினால் யாருக்கும் பாதுகாப்பில்லை. ஆனால் திருப்பிப் பேச முடியாதபடி விதியால் வாய் கட்டப்பட்ட ஒருவரை ஏசுவதில் வீரம் எங்கே இருக்கிறது என்பதை ஏசுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

இனவசையைத் தனியாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. "உனக்குப் பந்தை நிறுத்தத் தெரியவில்லை" என்பதற்கு வீரர் அடுத்த பந்தை நிறுத்திப் பதில் சொல்லலாம். குரங்கொலிக்கு அவர் எந்தப் பந்தால் பதில் சொல்வார்? 2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்டாயா அரங்கில் ரியல் மட்ரிட்டின் வினீசியஸ் ஜூனியருக்கு நடந்தது அதுதான். கோலுக்குப் பின்னால் இருந்தவர்களை அவர் விரல் நீட்டிக் காட்டினார், ஆட்டம் நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கியது. முடிவில் கைகலப்பில் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறியவரும் அவரே. அந்த அட்டை பின்னர் இரத்தாயிற்று. 2024 ஜூனில் மூன்று இரசிகர்களுக்கு 8 மாதச் சிறைத் தண்டனையும் 2 ஆண்டு அரங்குத் தடையும் விதிக்கப்பட்டன. உதைபந்தாட்ட அரங்கில் நடந்த இனவசைக்காக ஸ்பெயினில் வந்த முதல் தண்டனைத் தீர்ப்பு அது. ஆட்டத்தை நிறுத்துவது, இடைநிறுத்தி வீரர்களை உள்ளே அனுப்புவது, முற்றாகக் கைவிடுவது என்ற மூன்று படிநிலைகள் நடுவர்களுக்கு ஏற்கனவே தரப்பட்டிருக்கின்றன. மூன்றாவது படிக்கு நடுவர்கள் போகத் தயங்குவது ஏன் என்று கேட்டால், விசிலோடு நின்றவன் என்ற முறையில் எனக்கு அது புரிகிறது: ஐம்பதாயிரம் பேரை ஆட்டம் முடியாமல் வெளியே அனுப்பும் பொறுப்பு சின்னப் பொறுப்பு அல்ல. புரிகிறது என்பதால் அது சரியென்று ஆகிவிடாது.

பெரிய அரங்குகளில் நடப்பது அங்கேயே தங்கிவிடுவதில்லை; அடுத்த நாள் காலை ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் நடக்கும் பூங்காவுக்கு வந்துவிடுகிறது. பதினாறு வயதில் சான்றிதழ் பெற்று முதல் பருவத்திலேயே விசிலை வைத்துவிட்டுப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்; அவர்களை விரட்டியவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 2023 இல் பூங்கா நடுவர்களின் மார்பில் கமராவைப் பொருத்திச் சோதிக்கும் நிலைக்கு விடயம் வந்திருக்கிறது. நம்மவர்களும் விதிவிலக்கு அல்ல. கோடை காலத்தில் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் சுற்றுப்போட்டி ஒன்றில் நான் நடுவராக நின்றபோது, எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் எதிரணிப் பையனின் தாயை இழுத்துத் தமிழில் ஒரு சொல் சொன்னார். எனக்கு உதவியாகக் கொடி பிடித்து நின்ற வெள்ளைக்கார இளைஞர், "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டேன். வெட்கத்தில் சொன்ன பொய். ஆட்டத்தை நிறுத்தி அந்த மனிதரை மைதானத்தை விட்டு அனுப்பியிருக்க வேண்டும். மற்ற ஆட்டங்களில் செய்வேன், அன்று நம்மவர் என்பதால் செய்யவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: சட்டம் தொடும் வகைகளை, அதாவது இனம், நிறம், பாலினம், பாலியல் நாட்டம், இறந்தவர்கள் ஆகியவற்றை இழுக்கும் சொற்களை, எந்தச் சூழலிலும் தொடாதீர்கள்; அதில் பேசுவதற்கே ஒன்றுமில்லை. அதற்கு இப்பால் உள்ள பரப்பில், வீரர் அன்று களத்தில் செய்ததைப் பற்றி எவ்வளவு சத்தமாகவும் எவ்வளவு குத்தலாகவும் சொல்லுங்கள். அவர் யார், எங்கே பிறந்தார், அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள். வெறும் கெட்டவார்த்தையைப் பற்றி என் கருத்து உறுதியானது அல்ல. தவறவிட்ட வாய்ப்புக்குத் தலையில் கைவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சொல்லும் கெட்டவார்த்தைக்காக நான் ஒருவரையும் வெளியேற்றியதில்லை. அதே வார்த்தையை ஒரு மனிதரின் முகத்தை நோக்கி விரல் நீட்டிச் சொல்லும்போது அது எனக்கு வேறாகப் படுகிறது. இந்த வேறுபாட்டை ஏற்காத சக ஊழியர்கள் எனக்கு உண்டு. வார்த்தை வார்த்தைதான் என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் வரம்பு மீறினால் நேரே மோத வேண்டாம். பெரும்பாலான கழகங்கள் குறுஞ்செய்தி அனுப்ப ஓர் எண் வைத்திருக்கின்றன, இருக்கை எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினால் ஸ்டூவர்ட் வருவார், சொன்னவர் யார் என்று காட்டிக்கொடுக்க மாட்டார்.

ஸ்டூவர்ட் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் படிகளின் கீழே நடைபாதைக்கு அழைத்துப் போனதும் சம்பவப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் 'பயன்படுத்திய சொற்கள்' என்று ஓர் இடம் உண்டு. சுருக்காமல், மெருகேற்றாமல், சொன்னபடியே எழுத வேண்டும். ஆகவே நான் கேட்பேன்: "ஐயா, மேலே என்ன சொன்னீர்கள்?" மேலே ஆயிரம் பேருக்கு நடுவில் தொண்டை கிழியக் கத்தியவர், அந்த ஈரமான கொங்கிரீட் நடைபாதையில், குழல்விளக்கின் கீழ், கையில் பேனாவோடு நிற்கும் மண்ணிற முகத்தவன் ஒருவனிடம் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டார். "அவன் ஆட்டம் சரியில்லை என்றுதான் சொன்னேன்" என்பார். ஒன்பது குளிர்காலங்களில் அந்த இடத்தை நிரப்ப எனக்கு உதவியவர்கள் மிகச் சிலரே. உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். வரிசை எண், ஆட்டத்தின் முடிவு, ரயில் நேரம் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் கத்தியது என்ன என்பது மட்டும் இல்லை.